குருதி, நகை, காதல்: டொராண்டோவின் இரத்தக்காட்டேரிப் புதினங்களும் தமிழ்ப் பேய் மரபும்

1. முன்னுரை

டொராண்டோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில், 401ஆம் நெடுஞ்சாலைக்குத் தெற்கே, கென்னடி சாலையும் எல்ஸ்மியர் சாலையும் சந்திக்கும் இடத்தைச் சூழ்ந்து அமைந்தது டோர்செட் பார்க். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த ஒற்றைமாடி வீடுகளும், அதன்பின் வந்த அடுக்குமாடிக் கட்டடங்களும், சிறு தொழிற்கூடங்களும் கலந்த குடியிருப்பு இது. 1983 ஜூலைக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர் குடியேறிய ஸ்காபரோப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. இன்று இங்கே ஆங்கிலத்துக்கு அடுத்து மிகுதியாக ஒலிக்கும் வீட்டுமொழிகளுள் தமிழ் அடங்கும்.

இதே டொராண்டோ நகரம் ஆங்கில வெகுசன இலக்கியத்தில் வேறொரு காரணத்தாலும் பெயர் பெற்றது. மனிதக் குருதியை உண்டு வாழும் இரத்தக்காட்டேரியைக் காதலனாகவும் காதலியாகவும் வைத்து, அச்சுறுத்துவதற்கு மாறாகச் சிரிக்கவைக்கும் புதின வகைக்கு இந்நகரம் ஒரு முதன்மையான களம். குருதி, நகை, காதல் ஆகிய மூன்றும் ஒரே கதைக்குள் எவ்வாறு இணங்கி நிற்கின்றன, அவ்விணக்கம் வாசகரை ஏன் ஈர்க்கிறது என்பன இக்கட்டுரையின் முதல் வினாக்கள். இம்மூன்றையும் ஒருங்கே கண்ட தமிழ் மரபு எது, போரைக் கடந்து வந்த ஒரு சமூகம் அம்மரபை இன்று எவ்வாறு வாசிப்பது என்பது இரண்டாவதும் முதன்மையானதுமான வினா. இவ்வாய்வு வாசகர் கணக்கெடுப்பு அன்று; இரு மரபுகளை ஒரே நகரத்தில் நிறுத்தி ஒப்பிடும் இலக்கிய வரலாற்று முயற்சியாகும்.

2. டொராண்டோ என்னும் களம்

ஆங்கிலத்தில் இரத்தக்காட்டேரிக் கதையின் அச்சு வரலாறு 1819இல் ஜான் பொலிடோரி எழுதிய சிறுகதையில் தொடங்கி, 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் நிலைபெற்றது. அக்கதைகளில் குருதி உண்பவன் அயலான். இல்லத்துக்குள் நுழைய விடக்கூடாதவன். நூறாண்டுகள் கழித்து அவன் இல்லத்துக்குள் மருமகனாகவே வந்துசேர்ந்தான். அம்மாற்றத்தில் டொராண்டோவுக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு.

1991இல் கனடிய எழுத்தாளர் தான்யா ஹஃப் 'பிளட் பிரைஸ்' என்னும் புதினத்தை வெளியிட்டார். டொராண்டோக் காவல்துறையிலிருந்து விலகிய விக்கி நெல்சன் என்னும் பெண்ணே அதன் தலைமைப் பாத்திரம். அவளுக்குத் துணைவரும் ஹென்றி ஃபிட்ஸ்ராய், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மணவுறவுக்குப் புறம்பான மகன். நானூறு ஆண்டுகளைக் கடந்தும் வாழும் இரத்தக்காட்டேரி. அவன் பிழைப்புக்காகச் செய்யும் தொழில் வரலாற்றுக் காதற்புதினம் எழுதுவது. 1992 முதல் 1996 வரை ஒளிபரப்பான 'ஃபார்எவர் நைட்' தொலைக்காட்சித் தொடரும் இதே நகரத்தின் இரவுகளில் ஓர் இரத்தக்காட்டேரித் துப்பறிவாளனை உலவவிட்டது.

இவ்வகையை முழு நகைச்சுவையாக வளர்த்தவர் மற்றொரு கனடிய எழுத்தாளரான லின்சே சாண்ட்ஸ். 2003இல் வெளிவந்த 'சிங்கிள் வைட் வாம்பயர்' தொடங்கி, ஆர்ஜெனோ என்னும் குடும்பத்தைப் பற்றி 30க்கும் மேற்பட்ட புதினங்களை அவர் எழுதியுள்ளார். டொராண்டோவே அக்குடும்பத்தின் இருப்பிடம். முதலில் வெளிவந்த நூலின் தலைவன் லூசர்ன், தன் குடும்பத்தாரின் காதல் வரலாறுகளை உள்ளது உள்ளபடியே எழுதுகிறான். உலகம் அவற்றைக் கற்பனைப் புதினங்களாக வாங்கிப் படிக்கிறது. 2005இல் வந்த 'எ குவிக் பைட்' நூலின் தலைவி லிசியானா ஓர் இரத்தக்காட்டேரி. குருதியைக் கண்டால் மயங்கி விழுபவள். அவளுடைய நோயைத் தீர்க்கும்பொருட்டுத் தாய் மார்கெரிட், ஓர் உளநல மருத்துவரைப் பிடித்துவந்து பிறந்தநாள் பரிசாக மகளின் படுக்கையில் கட்டிவைக்கிறாள். அக்குடும்பம் குருதியைக் கழுத்திலிருந்து கடித்து உறிஞ்சும் வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டது. குருதி வங்கியிலிருந்து பைகளில் வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து அருந்துகிறது. ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஒருவரை மட்டுமே தம்மினத்தவராக மாற்றலாம் என்னும் குலச்சட்டமும் அவர்களுக்கு உண்டு.

அமெரிக்காவில் மேரிஜேனிஸ் டேவிட்சன் 2004இல் வெளியிட்ட 'அன்டெட் அண்ட் அன்வெட்', காலணிப் பித்துப் பிடித்த அலுவலகப் பெண் ஒருத்தி இரத்தக்காட்டேரிகளுக்கு அரசியாகும் கதையைக் கூறியது. 2005இல் ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' இக்காதலை நகைச்சுவையின்றிக் கூறி உலகெங்கும் பரவியது. எனினும் சிரிப்போடு கூறும் கிளை அதனால் மறையவில்லை. 1949இல் வின்னிபெக்கில் நிறுவப்பட்டுப் பின் டொராண்டோவுக்கு இடம்பெயர்ந்த ஹார்லெக்வின் பதிப்பகத்தால், காதற்புதினம் இந்நகரின் ஒரு தொழிலாகவே முன்னமே வேரூன்றியிருந்தது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இப்புதினங்களின் ஈர்ப்பை மூன்று கூறுகளாகப் பகுக்கலாம். முதலாவது, அச்சம் இல்லறத்துக்குள் அடங்குதல்: கொல்லவல்ல ஒன்று உணவு, உறைவிடம், திருமணம், தாயின் தொல்லை ஆகிய அன்றாட ஒழுங்குகளுக்குக் கட்டுப்படுகிறது. இரண்டாவது, அழியாத தேர்வு: பல நூறாண்டு வாழ்பவர் ஒருவரை மட்டுமே துணையாகத் தேர்கிறார், தேர்ந்தெடுக்கப்படுபவரின் மதிப்பு அதனால் உயர்கிறது. மூன்றாவது, நகை தரும் உரிமை: கடிபடுதலையும் காமத்தையும் ஒன்றெனக் காணும் கூச்சமான கற்பனையை, சிரித்துக்கொண்டே வாசிப்பவர் எவருக்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு வரன் தேடி ஓயாத தாயும், குலச்சட்டமும், உறவினர் கூட்டமும் நிறைந்த ஆர்ஜெனோ இல்லம் தமிழ் வாசகருக்கு அயலாகத் தோன்றாது.

3. அணங்கும் வெறியாட்டும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாகவும் உவகையை இறுதியாகவும் வைக்கிறது. அச்சத்துக்குரிய நான்கு நிலைக்களன்களுள் முதலாவதாக நிற்பது அணங்கு. வருத்தும் தெய்வத்தையும், அத்தெய்வம் தரும் துன்பத்தையும், காண்பவரை வருத்தும் அழகுடைய பெண்ணையும் இவ்வொரே சொல் குறிக்கும். திருக்குறளின் காமத்துப்பால் தொடங்கும் 109ஆம் அதிகாரம் 'தகையணங்குறுத்தல்' எனப் பெயர் பெறுவதும், அதன் முதற்குறளில் தலைவன் தான் கண்டவள் அணங்கோ என ஐயுறுவதும் இப்பொருள் நெருக்கத்தின் விளைவே. காதலிக்கப்படும் பொருளும் அஞ்சப்படும் பொருளும் ஒன்றாதல் என்பது தமிழ்ச் சொல்லின் உள்ளேயே அமைந்துள்ளது.

இதனோடு நகையும் சேரும் இடம் சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறையாகும். தலைவி களவுக் காதலால் மெலிகிறாள். தாய் அதை முருகு அணங்கியது எனக் கொண்டு வேலனை அழைக்கிறாள். வேலன் களம் அமைத்து, மறியறுத்துக் குருதிப் பலியிட்டு ஆடுகிறான். நோயின் காரணம் மலைநாட்டுத் தலைவனின் மார்பு என்பதை அறிந்தவர் தலைவியும் தோழியும் மட்டுமே. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் தோழி வேலனை எள்ளி வினவும் பாடல்கள் உள்ளன. மருந்து எதுவென அறியாமல் ஆடவந்த தெய்வத்தையே பேதைமை உடையதென நகையாடும் பாடலும் உண்டு. எள்ளல், இளமை, பேதைமை, மடன் எனத் தொல்காப்பியம் கூறும் நகையின் நான்கு களன்களும் இங்கே ஒன்றுகூடுகின்றன. அச்சுறுத்தும் தெய்வம், சிந்தும் குருதி, மறைந்திருக்கும் காதல், அறிந்தவரின் சிரிப்பு என்னும் நான்கும் ஒரே காட்சியில் அமைந்த தொன்மையான தமிழ்ச் சான்று இதுவாகும். இங்கே சிரிக்கும் உரிமை பெண்ணின் பக்கம் இருப்பது கருதத்தக்கது. டொராண்டோப் புதினங்களும் அவ்வுரிமையைத் தலைவிக்கும் பெண் வாசகருக்குமே தருகின்றன.

4. பரணி: கூழட்ட பேய்கள்

முதற் குலோத்துங்கன் (1070–1120) காலத்தில், 1110ஐ ஒட்டிக் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் சோழப்படை கலிங்கத்தின்மீது சென்று வென்றதைப் பாடுவது சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. இந்நூலின் அமைப்பையே நம் பொருளுக்குரிய முதற்சான்றாகக் கொள்ளலாம். கடவுள் வாழ்த்தை அடுத்து வருவது 'கடை திறப்பு'. ஊடியும் பிரிந்தும் கதவடைத்திருக்கும் மகளிரை விளித்துக் கதவைத் திறக்குமாறு வேண்டும் காமச்சுவைப் பகுதி அது. கணவர் வருவார் எனத் திறந்தும் வாரார் என அடைத்தும் விடியும்வரை கதவின் குடுமியைத் தேய்த்த மகளிரை அங்கே காண்கிறோம். அதற்குப் பின் காடு, காளி கோயில், பேய்கள் எனக் காட்சி மாறுகிறது. இறுதியில் 'களம் பாடியது' என்னும் பகுதியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அட்டு உண்கின்றன. காதலில் தொடங்கிக் குருதி விருந்தில் முடியும் இந்நூலின் பேய்ப் பகுதிகளில் இழையோடுவது நகை.

பரணியின் பேய்கள் முதலில் பசித்தவை. காளியிடம் முறையிடுகின்றன. இமயத்தில் மாயம் கற்றுவந்த பேய் ஒன்று இந்திரசாலமாகப் போர்க்களத்தைக் காட்ட, பசிப்பேய்கள் இல்லாத குருதியை அள்ளிக் குடிக்கப் பாய்ந்து ஏமாறுகின்றன. மெய்யான களம் கிடைத்தபோதோ இல்லறத்தாரைப்போல் ஒழுங்காக நடந்துகொள்கின்றன. யானைக் கொம்பால் பல் விளக்கி, விலா எலும்பால் நாவழித்து, நீராடி, அணிகலன் பூண்டு சமைக்கத் தொடங்குகின்றன. கலிங்க வீரரின் பற்களை அரிசியாகக் குற்றும்போது வேந்தனின் புகழை வள்ளைப்பாட்டாகப் பாடுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய் பிச்சை வேண்டிக் குரல்கொடுக்கிறது. உயிர்க்கொலை செய்யாத சமணப் பேய்க்காகக் கூழில் மயிர் கிடக்கிறதா எனப் பார்த்து வடித்து ஊற்றுகிறார்கள். புத்தப் பேய்க்கு மூளைக் கூழ் கஞ்சியாகக் கிடைக்கிறது. கனவில் கூழ் கண்ட பேயும் வரிசையில் நிற்கிறது.

இங்கே இயங்கும் நகையின் நுட்பம் ஆர்ஜெனோ இல்லத்தின் நுட்பமேயாகும். கொடியதை இல்ல ஒழுங்குக்குள் கொண்டுவருதல். குருதி உண்பவருக்கும் உணவு நெறியும் விரதமும் உண்டெனக் காட்டுதல். குருதியைக் கண்டு மயங்கும் லிசியானாவும் மயிர் கண்டால் உண்ணாத சமணப் பேயும் ஒரே நகைக் கருத்தின் இரு வடிவங்கள். ஆயினும் நோக்கம் வேறு. பரணியின் எள்ளல் சமயப் பிரிவினர்மீதும் தோற்ற நாட்டினர்மீதும் பாய்கிறது. சிரிப்பு வென்றவனின் அவையில் எழுகிறது. டொராண்டோப் புதினத்தில் குருதி உண்பவர் தம்மைத்தாமே எள்ளிக்கொள்கிறார்.

இலங்கையின் சிங்களப் பேயாட்டுச் சடங்காகிய தொவிலும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. குருதிப் பேயாகிய ரீரி யக்கா முதலியவற்றை விரட்டும் அச்சடங்குகளில், இரவின் பிற்பகுதியில் பேய்வேடம் தரித்தவருக்கும் மேளமடிப்பவருக்கும் இடையே வேடிக்கைப் பேச்சு நடைபெறும். அஞ்சத்தக்கது நகைக்கத்தக்கதாகும்போது நோயாளி மீண்டும் தம்மவரோடு சேர்கிறார் என்பதைப் புரூஸ் கேப்ஃபெரர் 1983இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். நகை அங்கே மருத்துவத்தின் ஒரு பகுதி.

5. நீலி: நகை நில்லாத இடம்

பேயோடு காதல் என்றவுடன் தமிழ் நினைவில் எழும் பெயர் பழையனூர் நீலி. முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, அழகிய மனைவியின் உருவில் கையில் குழந்தையோடு அவனைப் பின்தொடர்கிறாள். அவளுடைய சொல்லை நம்பிய வேளாளர் எழுபதின்மர், அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் உயிரைத் தருவதாக உறுதிகூறி அவனை அவளோடு தங்கவைக்கின்றனர். இரவில் அவள் பழிதீர்க்கிறாள், எழுபதின்மரும் உயிர்துறக்கின்றனர். காதல் வேடம் இங்கே நீதி கேட்கும் கருவியாகிறது. கொல்லப்பட்டவளுக்கு நீதி கிடைக்காதவரை, இக்கதையை இல்லறத்துக்குள் அடக்கும் நகைக்கு இடமில்லை.

சமணர் இதே பேயை வேறு திசையில் திருப்பினர். 10ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நீலகேசியில், பழையனூர் நீலி பாஞ்சால நாட்டின் சுடுகாட்டில் தவம்செய்யும் முனிசந்திர முனிவரை அச்சுறுத்தியும், அழகிய அரசமகளின் உருவெடுத்து மயக்கியும் கெடுக்க முயல்கிறாள். தோற்று, அவரிடமே அறம் கேட்டு, பிற சமயத்தாரை வாதில் வெல்லும் அறிஞையாகிறாள். அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்த இக்காப்பியம், குருதி உண்ணும் பெண் தன் இயல்பை மாற்றிக்கொள்ளலாம் என்னும் கருத்தின் தமிழ்ச் சான்று. உயிர்க்கொலையைத் துறந்த இரத்தக்காட்டேரி என்னும் இக்காலக் கதைமாந்தருக்கு நீலகேசி ஆயிரமாண்டு மூத்தவள்.

6. வேதாளம் 'வாம்பயர்' ஆனமை

தமிழ்ப் பேய் மரபுக்கும் ஆங்கில இரத்தக்காட்டேரி மரபுக்கும் இடையே மெய்யான வரலாற்றுத் தொடர்பும் ஒன்றுண்டு. அது வேதாளத்தின் வழியே நிகழ்ந்தது. வடமொழியில் 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் தம் கதைத்தொகுப்பில் சேர்த்த வேதாளக் கதைகள், பல வடிவங்களில் இந்திய மொழிகளில் பரவின. தமிழ் வேதாளக் கதையைப் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1831இல் இலண்டனில் வெளிவந்தது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் ஆங்கிலப் பெயர்ப்போடு அச்சேற்றியவரும் இவரே. தமிழின் நகைச்சுவை உரைநடையை ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்தியவர் எனலாம்.

1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் இக்கதைகளுள் பதினொன்றை விரித்தெழுதி 'விக்ரம் அண்ட் த வாம்பயர்' எனப் பெயரிட்டார். பிணத்துள் புகுந்து மரத்தில் தலைகீழாகத் தொங்கும் வேதாளத்துக்குக் குருதி குடித்தல் முதன்மைத் தொழிலன்று. புதிர் கூறி வாய்திறக்கச் செய்வதே அதன் வேலை. ஆயினும் ஆங்கில வாசகர் அறிந்த பெயரைப் பர்ட்டன் அதற்குச் சூட்டினார். ஏளனமும் வம்பும் நிறைந்த பேச்சை அதன் வாயில் வைத்தார். பர்ட்டனை நேரில் அறிந்த பிராம் ஸ்டோக்கர், அவர் பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் மின்னியதை 1906இல் வெளியான தம் நினைவுநூலில் பதிவுசெய்துள்ளார். ஆக, ஆங்கிலத்தின் வம்புபேசும் வாம்பயருள் ஒருவர், டிராகுலாவுக்கு 27 ஆண்டுகள் முன்னரே, இந்தியச் சுடுகாட்டு முருங்கையிலிருந்து இறங்கிச் சென்றவர்.

வேதாளம் கூறும் புதிர்களுட் பல காதற்புதிர்கள்: இறந்த பெண்ணை உயிர்ப்பித்த மூவருள் அவளுக்குக் கணவன் யார், தலை மாறிய இருவருள் மனைவிக்கு உரியவன் யார் என்பன போன்றவை. இரண்டாவது புதிரைத் தாமஸ் மன் 1940இல் குறும்புதினமாக்கினார்; கிரிஷ் கர்னாட் தம் 'ஹயவதனா' நாடகத்துக்கு அதனை மூலமாகக் கொண்டார். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' வேதாளத்தை மாதந்தோறும் தமிழ்ச் சிறுவரின் வீட்டுக்கு அழைத்துவந்தது. ஓவியர் சங்கரின் கோட்டோவியத்தில் மன்னனின் தோளில் தொங்கும் வேதாளம், அச்சத்தைவிடப் பழக்கத்தையே மிகுதியாகத் தந்தது.

7. இருபதாம் நூற்றாண்டின் இரு வழிகள்

புதுமைப்பித்தன் இவ்விரு வழிகளிலும் நடந்தவர். 'வேதாளம் சொன்ன கதை'யில் வேதாளத்தைத் தம் காலத்து அங்கதத்துக்குள் இழுத்துவந்தார். 'காஞ்சனை'யில் எழுத்தாளன் ஒருவனின் வீட்டுக்கு வேலைக்காரியாக வந்துசேரும் பெண்ணையும், மனைவியின் கழுத்தில் ஒரு துளிக் குருதியையும் வைத்து, சிரிக்கத் தெரிந்த கணவனே சிரிக்க இயலாமற்போகும் நிலையைக் காட்டினார். தமிழ்ச் சிறுகதையில் இரத்தக்காட்டேரிக் கருத்துக்கு மிக அண்மையில் வந்த ஆக்கம் இதுவெனக் கருதலாம்.

திரைப்படம் முதல் வழியைப் பெருவழியாக்கியது. 'கல்யாணராமன்' (1979) கொலையுண்ட வெகுளியின் ஆவியை அவனுடைய உடன்பிறந்தான் உடலில் புகுத்திக் காதலையும் சிரிப்பையும் இணைத்தது. 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) ஆகியவற்றின் பின் நகைச்சுவைப் பேய்ப்படம் தனி வகையாகவே நிலைபெற்றது. 'காஞ்சனா'வில் இருட்டுக்கு அஞ்சும் வாலிபனைப் பற்றும் ஆவி, நில ஆசையால் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையினுடையது. முற்பகுதிச் சிரிப்பு, பிற்பகுதியில் அவளுடைய முறையீட்டுக்குச் செவிகொடுக்க அவையைப் பழக்குகிறது. நீலியின் நீதிக்கேள்வியும் பரணியின் நகையும் இங்கே ஒரே படத்துக்குள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன.

8. டோர்செட் பார்க்கிலிருந்து பரணியை வாசித்தல்

இதுவரை கண்டவை இலக்கிய ஒப்பீட்டுக்குப் போதுமானவை. ஆனால் டோர்செட் பார்க் என்னும் இடம் மேலும் ஒரு வினாவை எழுப்புகிறது. வார இறுதித் தமிழ் வகுப்பில் பரணியைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் முன் அமர்ந்திருப்போர் எவருடைய பேரப்பிள்ளைகள்? போரில் தோற்றவர், ஓடியவர், தேடியவர் ஆகியோரின் வழித்தோன்றல்கள். அவர்களுக்குப் பரணியின் இரு காட்சிகள் ஏட்டுச் செய்தியாக மட்டும் நிற்கமாட்டா.

முதற்காட்சி கலிங்கர் ஓட்டம். தோற்ற வீரர் தம் அடையாளத்தை மறைத்துத் தப்புகின்றனர். தலைமயிரைப் பறித்து நாங்கள் சமணர் என்கிறார் சிலர்; வில்நாணைப் பூணூலாக மடித்து அணிந்து கங்கையாடச் செல்பவர் என்கிறார் வேறு சிலர்; யானை மணியைத் தாளமாகக் கொண்டு பாணர் எனக் கூறித் தப்புவோரும் உண்டு. சோழ அவைக்கு இது நகை. சோதனைச் சாவடியில் பெயரையும் ஊரையும் மாற்றிக் கூறி உயிர்பிழைத்தோருக்கு இந்நகை எவ்வாறு ஒலிக்கும்? 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நிலையில் மீட்கப்பட்ட 155 தமிழரும், தாம் புறப்பட்ட இடத்தை முதலில் மறைத்தே கூறினர். அதற்காக அன்று கனடாவில் எள்ளப்பட்டனர். எண்ணூற்றெழுபது ஆண்டு இடைவெளியில் கலிங்கரின் இடத்தில் தமிழர் நின்றனர்.

இரண்டாம் காட்சி களத்தில் கணவனைத் தேடும் மகளிர். கடை திறப்பில் கதவருகே காத்திருந்த காதலின் மறுமுனை இது. தன் கணவன் கிடந்த இடம் எங்கேயென்று ஒருத்தி, பிணம் தின்னும் இடாகினியைத் தழுவிக்கொண்டு வினவுகிறாள். பேய்களின் நகை விருந்து நடக்கும் அதே களத்தில் சயங்கொண்டார் இவளையும் நிறுத்தியுள்ளார். வேறு எவரும் விடைகூற இல்லாதபோது, குருதி உண்பவளிடமே கேட்க வேண்டிய நிலை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி ஆண்டுக்கணக்காக நீடித்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தை அறிந்த வாசகருக்கு இப்பாடலைக் கடந்துசெல்வது எளிதன்று. நூலின் நகையை முழுமையாக உணர்ந்தவரே இவ்விடத்தில் அது நின்றுபோவதையும் உணர்வார்.

பரணியைக் கற்பிக்காது விடுவது இதற்குத் தீர்வாகாது. வீரத்தை மட்டும் எடுத்துக்கூறி நகையை அடக்கி வாசிப்பதும் ஆகாது. நகை எவர் பக்கம் நிற்கிறது என்பதை ஒவ்வோர் இடத்திலும் வினவுவதே தகுந்த வழி என்பது இக்கட்டுரையின் முடிபு. அதற்கு அந்நகரத்தின் நூலகத்திலேயே கிடைக்கும் நகைச்சுவை இரத்தக்காட்டேரிக் காதற்புதினம் உதவும். மாணவர் அறிந்த அவ்வெளிய வடிவில், குருதி உண்பவர் தம் வலிமையைத் தாமே எள்ளிக்கொள்வதும், தீங்கு செய்யாதிருக்க உணவை மாற்றிக்கொள்வதும், காதலிக்கப்படுவதற்குத் தகுதிபெற உழைப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. அதனருகே பரணியை வைத்தால், வெற்றியின் நகைக்கும் தன்னையறிந்த நகைக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குப் புலனாகும். வெறியாட்டில் வேலனை எள்ளிய தோழியை மூன்றாவதாக நிறுத்தினால், அச்சத்தைக் கடந்து உண்மையைக் காக்கும் நகையும் தமிழுக்குரியதே என்பது விளங்கும்.

9. நிறைவுரை

நகைச்சுவை இரத்தக்காட்டேரிக் காதற்புதினத்தின் ஈர்ப்பு, அச்சத்தை இல்லத்துக்கு அழைத்து உணவிட்டு உறவாக்கிக்கொள்ளும் மனித விருப்பத்தில் வேர்கொண்டது. அணங்கு என்னும் சொல்லிலும், வெறியாட்டின் எள்ளலிலும், பரணியின் கூழிலும், நீலகேசியின் மனமாற்றத்திலும், வேதாளத்தின் புதிரிலும் அவ்விருப்பத்தைத் தமிழ் பலவகையாகப் பதிவுசெய்துள்ளது. நீலியும், களத்தில் கணவனைத் தேடியவளும் அவ்விருப்பத்தின் எல்லையைக் காட்டுகின்றனர்: கொல்லப்பட்டவருக்கு நீதியும் தேடுபவருக்கு விடையும் கிடைக்காத இடத்தில் பேய் உறவாவதில்லை. மரபின் இவ்விரு பக்கங்களையும் ஒருசேரக் கற்பிக்கும் பொறுப்பு, இரண்டையும் தம் குடும்ப வரலாற்றிலேயே சுமக்கும் டோர்செட் பார்க் போன்ற குடியிருப்புகளின் தமிழ் வகுப்பறைகளுக்கு உண்டு. அவ்வாசிப்புக்குத் தக்க உரையும் பாடத்திட்டமும் அமைப்பது புலம்பெயர் நாட்டுத் தமிழாய்வின் அடுத்த பணிகளுள் ஒன்றாகட்டும்.